கொஞ்சம் களையாறுவது எப்படி?

கேள்வி: "எனக்கு 29 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் கவுண்டரில் வேலை. மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் தலை பாரம், தாடை வலி. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. யோகா வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. எங்கள் ஊரில் ஆட்கள் மன நெருக்கீட்டை எப்படித் தணித்துக்கொள்கிறார்கள்? அவற்றில் எது உண்மையாகவே பலன் தரும்?"

பதில்:

தங்கச்சி, கடைசி வரியைக் கேட்டதற்கு நன்றி. "என்ன செய்கிறார்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் கள்ளுத் தவறணை முதல் தேர்த்திருவிழா வரை ஒரு பட்டியலை எழுதிவிட்டுப் போயிருப்பேன். எது பலன் தரும் என்று கேட்டதால் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டியிருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேல் உளவளத்துணையாளராக இந்த ஊர் மக்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்தும், என் சொந்த உடம்பு எனக்குச் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். வேறு ஊர்த் தமிழரிடம் "ஆறுதல்" என்றால் செத்தவீட்டில் சொல்வது என்று நினைப்பார்கள். நாங்கள் "ஆறுதலாக வாருங்கள்", "ஆறுதலாகச் சாப்பிடு" என்று ஒரு நாளில் பத்துத் தடவை சொல்கிறோம். அவசரம் வேண்டாம், நேரம் எடுத்துச் செய் என்பதுதான் பொருள். தேநீரை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, களை ஆறுகிறது. எதை எடுத்தாலும் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. எவ்வளவு ஊதினாலும் தேநீர் தன் நேரத்துக்குத்தான் ஆறும். எங்கள் ஊர்ப் பழக்கங்களை இந்தச் சொல்லை வைத்தே நான் எடைபோடுவேன். அவசரப்படுத்த முடியாத செயல் ஆளை ஆற்றும். விரலால் தள்ளித் தள்ளி விரைவாக்கக் கூடியது, அந்த நேரம் எவ்வளவு இனித்தாலும், ஆளை ஆற்றுவதில்லை.

இதை வாசிக்கும் இந்த நிமிடத்தில் உங்கள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாய் மூடியிருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் தொடக்கூடாது. தொட்டால் தாடைத் தசை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். கவுண்டருக்கு அப்பால் நின்று ஒருவர் கத்தும்போது உங்கள் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் விரைகிறது, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. ஓடு அல்லது அடி என்று உடம்பு ஆயத்தமாகிறது. நீங்களோ ஓடவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல், முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு ரசீது எழுதுகிறீர்கள். செலவழியாத அந்த ஆயத்தம் கழுத்திலும் தாடையிலும் போய்க் குந்திக்கொள்கிறது. "கவலைப்படாதே" என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். கட்டுப்பட்டிருப்பது உடம்பு. அதை அவிழ்த்தால் மனம் பின்னால் வரும்.

அவிழ்ப்பதற்கு எங்களிடம் இருப்பவற்றுள் நான் முதலில் சொல்வது எண்ணெய் முழுக்கு. பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்கவேண்டாம்.

என் அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் எங்களைப் பிடித்து இருத்துவார். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்பது அவருடைய சட்டம். நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை சூடாக்கி, இறக்கி ஆறவிடுவார். பிறகு கிணற்றடியில் பலகைக் கட்டையில் இருத்தி உச்சியில் உள்ளங்கை நிறைய வைத்து அப்புவார். அடி மாதிரித்தான் விழும். அதன்பிறகு விரல்கள் காதுக்குப் பின்னால் இறங்கி, பிடரியில் இரண்டு பக்கமும் உருவி, தாடை எலும்பின் மூலையில் வட்டமாகச் சுற்றும். நீங்கள் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான். எண்ணெய் ஊற அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. புத்தகம் தொட்டால் எண்ணெய் படும், கட்டிலில் சாய முடியாது, வெளியே போக முடியாது. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பிறகு சீயாக்காயும் எலுமிச்சங்காயும் சேர்த்து அவித்த தண்ணீர், அதன்பின் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர். மத்தியானம் மிளகு ரசம். பகல் நித்திரை கொள்ளக்கூடாது என்று காவல் வேறு.

நல்லெண்ணெய் உச்சந்தலையால் இறங்கி மூளையைக் குளிர்விக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வேலை செய்பவை வேறு. இன்னொருவருடைய கை தலையில் படுவது ஒன்று. தாடையும் பிடரியும் உருவப்படுவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்க் கையோடு எந்தக் கைபேசியையும் தொட முடியாத அந்த அரை மணி நேரம். இந்தக் காலத்தில் ஒருவரைச் சட்டப்படி சும்மா இருக்க வைப்பதற்கு இதைவிட நல்ல தந்திரத்தை நான் காணவில்லை. தலைக்கு வைத்துவிட யாரும் இல்லாவிட்டால் நீங்களே செய்யலாம், பாதிப் பலன் நிச்சயம். பீனிசம், தடிமன் உள்ளவர்கள் தலையை விட்டு உடம்புக்கு மட்டும் பூசி உருவிக்கொள்ளட்டும்.

கிணற்றடி என்றதும் இன்னொன்று. நிலத்தடி நீரின் வெப்பம் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாகவும் சித்திரை மத்தியானத்தில் குளிர்ச்சியாகவும் படுகிறது. துலாவும் போய்க் கப்பியும் போய், இப்போது மோட்டார் அடித்துத் தாங்கியில் ஏற்றி வெயிலில் காய்ந்த தண்ணீரில் குளிக்கிறோம். கிணறு இன்னும் உங்கள் வளவில் இருந்தால், ஞாயிறு காலையில் பத்து வாளியைக் கையால் அள்ளிக் குளித்துப் பாருங்கள். இழுத்து, தூக்கி, ஊற்றி, மறுபடி இழுக்கும்போது தோளில் ஏறிய இறுக்கம் எப்படி இறங்குகிறது என்று எழுதிப் புரியவைக்க முடியாது.

இன்னும் பெரிய குளியல் வேண்டுமென்றால் கீரிமலை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிய மழைநீர் கடல் ஓரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். கீரிமுகம் கொண்ட நகுல முனிவருக்கும் குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லிக்கும் இங்கே நீராடியபின் முகம் மாறியது என்பது ஐதிகம். முகம் மாறுவது பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கேணிக்குள் இறங்கும் முகமும் ஏறி வரும் முகமும் வேறு வேறு என்பதை எத்தனையோ பேரில் கண்டிருக்கிறேன். 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பிறகு நீண்ட காலம் அந்தப் பக்கம் போக முடியாமல் இருந்த எங்கள் தலைமுறைக்கு, அந்தத் தண்ணீரில் கால் வைப்பது வெறும் குளியல் இல்லை. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. ஆடி அமாவாசை நாளில் மட்டும் போகாதீர்கள், பிதிர்க்கடன் செய்ய வரும் கூட்டத்தில் கால் வைக்க இடம் இராது.

அடுத்தது மூச்சு. இதற்கு வகுப்பு வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரால் நொந்து வந்தவர்களுக்கு மருந்தோடு சேர்த்து எங்கள் மரபிலுள்ள சாந்த வழிமுறைகளையும் பயன்படுத்தியவர். வருபவர் சைவர் என்றால் அவருக்குப் பழகிய மந்திரம், கத்தோலிக்கர் என்றால் செபம், முஸ்லிம் என்றால் இறைநாமம் ஓதும் திக்ர் என்று, ஏற்கெனவே நாவில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும் முறை அது. புதிதாக ஒன்றைக் கற்பிக்கும் சிரமம் இல்லை என்பதே அதன் பலம்.

இதன் பின்னால் உடலியல் இருக்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரைச் செபமாலை சொல்ல வைத்தும் ஒரு பௌத்த மந்திரத்தை உச்சரிக்க வைத்தும் அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஒழுங்காயிற்று. பாசையூரில் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணி உருட்டும் கிழவியும், நல்லூர் வீதியில் நமசிவாய சொல்லிக்கொண்டு நடக்கும் கிழவரும், தங்களை அறியாமல் ஒரே வேகத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதைவிட நல்ல சர்வமத மாநாடு தெரியாது. இரகசியம் வெளிமூச்சில் இருக்கிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போது மூச்சு மெதுவாக வெளியே போகிறது, வெளிமூச்சு நீண்டால் இதயம் தணிகிறது. தேவாரத்தை இழுத்துப் பாடினாலும் அதுவே நடக்கும். கடவுள் நம்பிக்கை இல்லையென்றால் நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. ஐந்து நிமிடம் போதும். கவுண்டரை மூடிக் கணக்கு முடித்த கையோடு, மோட்டார் சைக்கிளை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். அலுவலகத்தை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகாமல் இருக்க அது உதவும்.

கோவிலைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இந்த விடயத்தை முடிக்க முடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பக்தி மட்டும் அல்ல. விடியலில் ஆண்கள் மணலில் உருண்டு பிரதட்டை செய்வதும், பெண்கள் பின்னால் அடி அழித்துப் போவதும் உடம்பையே கரைத்துவிடும் காரியங்கள். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது அந்தக் கூட்டத்தை இல்லை. திருவிழா இல்லாத ஒரு சாதாரண மாலையில், பூசை முடிந்தபின், வெளியே வந்து ஒரு சுருள் கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக மணலில் இருங்கள். கச்சானை உடைத்து, தோலை ஊதி, ஒவ்வொன்றாக வாயில் போடவேண்டும். இதையும் அவசரப்படுத்த முடியாது. உடைத்து வைத்த கச்சான் பக்கெட்டில் இந்தப் பலன் கிடையாது.

நடப்பதற்குப் பண்ணைப் பாலத்துப் பக்கம் இருக்கிறது, பழைய பூங்கா இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் உங்கள் ஒழுங்கை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பையாவது சொல்கிறது, நாளுக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். அட்ரினலின் ஏறிய உடம்பு ஓடவேண்டும் என்று கேட்டது, அதை நடந்தாவது தீர்த்துவையுங்கள். பண்ணையில் சூரியன் களப்புக்குள் இறங்கும் நேரம் இருபது நிமிடம் போனதே தெரியாது. கைபேசியில் அதைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினால் தெரியும்.

உடம்பு அசைந்தால் மனம் எப்படி ஆறும் என்பதை நான் படித்தது பாடப்புத்தகத்தில் இல்லை, தொண்ணூறுகளில் எங்கள் விறாந்தையில். 1990க்குப் பிறகு வருடக்கணக்கில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்துவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தியும் பாட்டும் கேட்பார்கள். வேகம் குறைந்தால் குரல் தேய்ந்துபோகும், "சுற்று, சுற்று" என்று எல்லோரும் கத்துவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை சித்தப்பாவுக்கு. மகனைப் பற்றித் தகவல் இல்லாமல் இருந்தவர் அவர். வேறு யாரும் மாறிச் சுற்ற வந்தால் விடமாட்டார். அவர் பாட்டுக் கேட்டாரா என்றே எனக்குச் சந்தேகம், கை மட்டும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும். அன்றைக்கெல்லாம் இரவு கொஞ்சமாவது நித்திரை கொண்டார் என்று சின்னம்மா சொல்வார். கை ஒரே தாளத்தில் ஒரு வேலையைச் செய்துகொண்டு, பக்கத்தில் ஆட்கள் இருந்து, ஆனால் யாரும் "என்ன யோசிக்கிறாய்" என்று கேட்காமல் இருப்பது. இதை மருந்துச் சீட்டில் எழுத முடிந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இதே குணம், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழுக்கும் உண்டு. தனியாளுக்குக் கூழ் காய்ச்சிய கதையை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். ஒடியல் மாவை ஊறவைத்து, மேல் தண்ணீரை வடித்துக் கசப்பை எடுக்க ஒருவர், நண்டு உடைக்க ஒருவர், மரவள்ளியும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் வெட்ட இரண்டு பேர், செத்தல் மிளகாய் அரைக்க ஒருவர், உப்பு புளி பார்க்கிறேன் என்று சொல்லி மூன்று அகப்பை குடித்துவிடும் ஒருவர். பானையைச் சுற்றி இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் கையில் வேலை, வாயில் பகிடி. பிறகு பனையோலைப் பிளாவிலோ மடித்த பலா இலையிலோ வாங்கிக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது மூக்கால் தண்ணீர் ஓடும். அழுவதற்குச் சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அந்த உறைப்பில் நன்றாகவே அழுதுவிடலாம், ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டு முற்றத்தில் இதை நடத்துங்கள். செலவைப் பங்கு போட்டால் ஒரு உணவகத்தில் ஒரு நேரம் சாப்பிடுவதிலும் குறைவாகவே முடியும்.

ஆண்களுக்கு 304 என்ற சீட்டாட்டம் இருக்கிறது. நாலு பேர், இரண்டு சோடி, 32 சீட்டு. வீரனுக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. துரும்பு எது, எந்தச் சீட்டு விழுந்துவிட்டது, எதிரில் இருப்பவர் எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மூளையில் வங்கிக் கடனுக்கு இடம் இல்லை. கவலையை மறக்கச் சொல்லி யாராலும் மறக்க முடியாது, வேறொன்றைத் தலைக்குள் ஏற்றினால்தான் அது இறங்கும். காசு வைத்து ஆடாதவரை இதில் நான் குறை காணமாட்டேன். பெண்கள் ஏன் ஆடுவதில்லை என்று ஒருவரும் எனக்கு ஒழுங்கான பதில் சொன்னதில்லை. நாங்கள் நாலு சிநேகிதிகள் ஆடுகிறோம், நன்றாகவே வெல்கிறோம்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரில் களையாறும் இடங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கென்று கட்டப்பட்டவை. மதவடியில் குந்தியிருப்பது அவர்கள், வாசிகசாலையில் பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து வாசிப்பது அவர்கள், தைமாதம் வயல்வெளியில் விண் கூவப் பட்டம் ஏற்றுவது அவர்கள். வேலை முடிந்து வரும் ஆணுக்குச் சாய்மனைக் கதிரையும் தேநீரும் காத்திருக்கின்றன. வேலை முடிந்து வரும் பெண்ணுக்குக் குசினி காத்திருக்கிறது. உங்கள் தாடை வலியில் ஒரு பங்கு கவுண்டரில் ஏறியது, இன்னொரு பங்கு ஆறரை மணிக்குப் பிறகு ஏறுகிறது என்று ஊகிக்கிறேன். வீட்டில் இரண்டாவது ஆள் யார் இருக்கிறாரோ அவர் கிழமையில் மூன்று நாள் இரவுச் சாப்பாட்டைப் பார்க்கட்டும். எந்த மூச்சுப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது.

இனி, ஆற்றுவது போல நடிப்பவை.

கள். பனங்கள்ளுக்கு நான் விரோதி இல்லை, அது எங்கள் மரத்தின் தண்ணீர். ஆனால் நித்திரைக்காகக் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மதுசாரம் நித்திரையை விரைவில் கொண்டுவரும், பின்னிரவில் அதையே உடைக்கும். இரண்டு மணிக்கு எழும்பி முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் எட்டு மணிக்குத் தவறணையில் இருந்தவர்கள். சிகரெட்டும் சுருட்டும் இன்னும் மோசமான ஏமாற்று. முந்திய சிகரெட்டின் நிக்கொட்டின் இறங்கும்போது வருகிற பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது, அதை ஆறுதல் என்று எண்ணிக்கொள்கிறோம். கடன்காரனே வந்து கடன் கொடுத்த கதை. வெற்றிலை பாக்குக்காக எத்தனையோ ஆச்சிமார் என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள். பாக்கு வெட்டியால் சீவி, சுண்ணாம்பு தடவி, மடித்து, ஆறுதலாகத்தான் போடுகிறார்கள், என் அளவுகோலின்படி பார்த்தால் தேறவேண்டும். ஆனால் புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே உறுதிசெய்துவிட்டது. அளவுகோல் இங்கே தோற்றுப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

தேநீர் நல்லது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் நாலுமணிப் பழக்கத்தை நான் யாரிடமும் பறிக்கமாட்டேன். ஆனால் நாலு மணியோடு நிறுத்துங்கள். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குச் சாயம் கூடிய தேநீர் ஒரு கோப்பை குடித்தால் நடுச்சாமத்தில் அதன் பாதி உள்ளேதான் இருக்கும்.

கைபேசியைப் பற்றி எல்லோரும் சொல்வதை நான் திருப்பிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்கிறேன். கோடை காலத்தில் கனடாவின் ரொறொன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை பன்னிரண்டு மணிக்கு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அங்கே இருக்கும் மாமிக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கிறது, பாவம். காணி எல்லைப் பிரச்சினை, உங்கள் கல்யாணப் பேச்சு, யார் வீட்டில் யார் யாரோடு கதையில்லை என்று ஒரு மணி நேரம். பத்தரைக்கு வைத்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் அந்த எல்லைக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் போகிறீர்கள். நித்திரையில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "வெளிநாட்டு அழைப்பு எத்தனை மணிக்கு வருகிறது?" என்பது. பலர் சிரித்துவிட்டுப் பிறகு யோசிப்பார்கள்.

மூன்று மணி விழிப்புக்கு வருவோம். இரவின் பிற்பகுதியில் நித்திரை இயல்பாகவே மெலிந்திருக்கும், விடியலை நோக்கி, உடம்பை விழிக்க ஆயத்தமாக்கும் கோர்ட்டிசோல் சுரப்பும் மெல்ல ஏறத் தொடங்கும். விழிப்பு வருவது நோய் இல்லை. "மூன்று மணி ஆகிவிட்டதே, நாளைக்கு எப்படி வேலை செய்வேன்" என்ற கணக்குத்தான் உங்களை முழுதாக எழுப்புகிறது. மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போலப் புரண்டும் நித்திரை வரவில்லையென்று தோன்றினால் எழும்பி விறாந்தைக்கு வந்து மங்கல் வெளிச்சத்தில் இருங்கள், கண் சொருகும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். கட்டில் என்றால் நித்திரை என்று உடம்பு மறுபடி பழகவேண்டும். மாலையில் ஒரு கொப்பியில் நாளைக்குரிய தொல்லைகளை எழுதி மூடிவைத்தால், மூன்று மணிக்கு அவற்றை நினைவு வைத்திருக்கும் பொறுப்பு மூளைக்குக் குறையும்.

இவ்வளவும் சாதாரண நெருக்கீட்டுக்கு. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பு இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் நல்லெண்ணெயும் கூழும் போதாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. 1926 என்ற எண்ணுக்கு அழைத்தால் தேசிய உளநல உதவிச் சேவையோடு கதைக்கலாம். "விசர் டொக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கி ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். வாசலில் அவர்கள் சந்தித்து அதிர்ந்த ஆட்களும் அதே ஊர்க்காரர்கள்தான், அதே வரிசையில் வைத்தியசாலைத் துண்டுச்சீட்டோடு நின்றவர்கள்.

உங்களுக்கு இந்தக் கிழமைக்கு மூன்றே மூன்று. வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் நீண்ட வெளிமூச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் முழுக்கு. நீங்கள் வேலைக்குப் போகும் பிள்ளை, வெள்ளிதான் வேண்டும் என்று அம்மம்மாவே அடம்பிடிக்கமாட்டார். மூன்றாவது, கனடா மாமிக்கு ஒரு செய்தி. ஞாயிறு காலை ஆறரை மணி இங்கே என்றால் அங்கே சனி இரவு ஒன்பது மணி, அவருக்கும் ஓய்வான நேரம். இப்படி எழுதி அனுப்புங்கள்: "மாமி, இரவில் எனக்கு நித்திரை குழம்புகிறது. இனி ஞாயிறு விடிய ஆறுதலாகக் கதைப்போம்."

கோபிப்பார். இரண்டு கிழமைக்கு.